ஓடாத வண்டிக்கு என்ஜின் வேலை

சத்தத்தை முதலில் கேட்டது நான்தான். காலையில் சட்னி அரைத்துவிட்டு மிக்ஸியை நிறுத்தினேன். மிக்ஸி நின்ற பிறகும் எங்கிருந்தோ டக், டக், டக் என்று வந்துகொண்டிருந்தது. போர்டிகோவில் என் கணவர் காரை ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டுத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக, "ஏங்க, வண்டிக்குள்ள ஏதோ தட்டுற மாதிரி கேக்குது" என்றேன்.

"பக்கத்து வீட்டு மோட்டார்" என்றார்.

பக்கத்து வீடு அப்போது பூட்டிக் கிடந்தது. அதைச் சொன்னதும், "உனக்கு என்ஜினைப் பத்தி என்ன தெரியும்?" என்று முடித்துவிட்டார். அது சரிதான். எனக்கு அந்த என்ஜினின் சத்தம் மட்டும்தான் தெரியும். இத்தனை வருடத்தில் அந்த வண்டி எனக்குக் கொடுத்ததும் அது மட்டும்தான்.

சேலையூரில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் சின்ன பெட்ரோல் கார் அது. வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் புதிதாக வாங்கினார். வாங்கிய அன்று சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்பினோம். இனி நமக்கும் கார் இருக்கிறது என்று நான் பூரித்துப்போனேன். என் கார் வாழ்க்கை கிட்டத்தட்ட அன்றைக்கே முடிந்துவிட்டது என்று அப்போது தெரியவில்லை. சீட்டு மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் கழற்றவிடவில்லை.

தினமும் காலையில் குளித்து, விபூதி பூசி, வண்டிக்குள் ஒட்டியிருக்கும் சின்னப் பிள்ளையாருக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுச் சாவியைத் திருப்புவார். ஆக்ஸிலேட்டரை மிதித்து நன்றாக உறுமவிடுவார். பிறகு இறங்கி நின்று கண்ணாடி துடைப்பார், பேப்பரில் தலைப்புச் செய்திகளைப் பார்ப்பார். அவை முடிந்ததும் வண்டியை அணைத்துக் கவரைப் போட்டு மூடிவிடுவார். கேட்டால், "ஸ்டார்ட் பண்ணாம விட்டா பேட்டரி போயிடும்" என்பார். இவர் மட்டும் என்று இல்லை. எங்கள் தெருவில் ரிட்டயரான ஆண்கள் எல்லோருக்கும் இந்தப் பூஜை உண்டு. காலை வேளையில் கேட்டால் தெருவே திரண்டு ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிறது என்று நினைக்கத் தோன்றும். யாரும் எங்கேயும் போவதில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லா வண்டிகளும் கவருக்குள் போய்விடும். எல்லோரும் துணிப்பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்க நடந்து போவார்கள்.

வண்டியை வெளியே எடுக்காமலிருக்க அவரிடம் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. கேம்ப் ரோட்டில் நெரிசல். தாம்பரத்தில் நிறுத்த இடமில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்காரன் உரசிவிடுவான். மழை வந்தால் தண்ணீர் ஏறிவிடும், வெயிலடித்தால் பெயின்ட் போய்விடும். குரோம்பேட்டையில் துணி எடுக்கப் போனாலும் பஸ், உறவில் கல்யாணம் என்றாலும் வாடகைக் கார். மண்டபத்து வாசலில் பட்டுப்புடவையோடு நான் வாடகைக் காரிலிருந்து இறங்கும்போது, "உங்க வண்டி என்னாச்சு?" என்று யாராவது கேட்பார்கள். "சர்வீஸ்ல இருக்கு" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது.

இதெல்லாம் எனக்குப் பெரிய குறையில்லை. பஸ்ஸில் போய் வளர்ந்தவள்தான் நான். என் அம்மா விஷயத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அம்மா படப்பையில் இருந்தாள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெரு. அங்கே நிலமெல்லாம் கைவிட்டுப் போன பிறகு மிஞ்சிய வீடு. எங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே பஸ் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி இறங்கிக் கிழக்குப் பக்கம் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து கேம்ப் ரோட்டுக்கு வர வேண்டும். அவளுக்கோ முட்டிவலி. கையில் பை, பைக்குள் முருங்கைக்காய். ஒரு தடவை வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த வாட்டி மாப்பிள்ளை கார்ல வந்து கூட்டினு வருவாரான்னு கேளேன்டி. நம்ம தெருவுல வந்து நின்னா நல்லா இருக்கும்." கல்யாணமான பிறகு என்னிடம் அம்மா தனக்கென்று கேட்டது அது ஒன்றைத்தான்.

கேட்டேன். "படப்பை ரோடா? குண்டும் குழியுமா கெடக்கு. அடியில தட்டி ஆயில் பான் உடைஞ்சா யார் பாக்குறது?" என்றார்.

நான் அதைப் பக்குவமாகத்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ வெட்கப்பட்டாள். "ஆமாமா, எங்க ரோடு மாப்பிள்ளை வண்டிக்கு ஒத்து வராது. ரோடு போட்டப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். யாரோ போடாமல் விட்ட ரோட்டுக்கு என் அம்மா மன்னிப்புக் கேட்ட மாதிரி இருந்தது. அதன் பிறகு போன் செய்யும்போதெல்லாம் ரோட்டு நிலவரம் சொல்ல ஆரம்பித்தாள். ஜல்லி கொட்டிட்டாங்க. ரோலர் வந்துடுச்சு. பால் பூத்து வரைக்கும் தார் போட்டுட்டாங்க, மாப்பிள்ளைகிட்ட சொல்லு. நான் சொன்னேன். ரோடு அகலமாகி வழவழவென்று ஆன பிறகு, "இப்ப ஒரகடத்துக்குப் போற கன்டெய்னர் லாரியெல்லாம் அந்த ரோட்டுலதான் வருது, ரிஸ்க்கு" என்றார்.

ஒரே ஒரு நாள் அம்மா அந்தக் காரில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, காலையில் அவர் ஸ்டார்ட் செய்து வைத்திருந்த நேரத்தில் பின்கதவைத் திறந்து, "சும்மா ஒக்காந்து பாக்கட்டா?" என்று என்னைத்தான் கேட்டாள். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. அவரும் பெரிய மனது பண்ணி ஏசியைப் போட்டுவிட்டார். பிளாஸ்டிக் உறை கரகரக்க, பையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயோ போகிறவள் மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே எங்கள் வீட்டுத் தண்ணீர்த்தொட்டிதான் இருந்தது. அவர் பேப்பர் பார்த்து முடித்ததும் வண்டியை அணைத்தார். அம்மா இறங்கி, "நல்லா இருந்துச்சு" என்றாள். அன்று மதியமே பஸ் ஏறிப் படப்பைக்குப் போனாள்.

அவள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஷேர் ஆட்டோவில்தான். திரும்பி வந்தது ஆம்புலன்ஸில். காரியம் முடிந்த கையோடு என் அண்ணன் அந்த வீட்டை விற்றுவிட்டான். எங்கள் கார் அப்போதும் கவருக்குள்தான் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அந்த வண்டி என் கண்ணிலிருந்து ஒழிய வேண்டும். பலமுறை விற்கச் சொல்லியிருக்கிறேன். "ஓடாத வண்டி, புதுசு மாதிரி இருக்கு, அதைப் போய் விப்பாங்களா?" என்பார்.

அதனால் அந்த டக், டக் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என்னை மாதிரியே அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறது என்று தோன்றியது.

சத்தம் தெருவுக்கே கேட்க ஆரம்பித்ததும் அவர் ஒத்துக்கொண்டார். ராஜகீழ்பாக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் வந்தான். அவனுக்கு வாய் ஓயாது. கையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும். முதல் நாள் பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்துவிட்டு, "டேப்பட் சத்தம் சார், ஒண்ணியும் இல்ல" என்று எதையோ திருகிவிட்டுப் போனான். மறுநாளும் அதே சத்தம். அடுத்து வந்து, "பெட்ரோல் சரியில்ல சார், பழசாய்ட்டுகீது" என்று டாங்கைக் காலி செய்து புதிது ஊற்றினான். சத்தம் ஊற்றியதைக் குடித்துவிட்டு இன்னும் தெம்பாகத் தட்டியது.

மூன்றாவது தடவைதான் ஒழுங்காகப் பார்த்தான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒவ்வொரு இடமாகக் கேட்டான். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது வீட்டுக்காரர்கள் நிற்பார்களே, என் கணவர் அப்படி நின்றார். என் அம்மா படுத்திருந்த கட்டிலின் பக்கத்தில்கூட அவர் அப்படி நிற்கவில்லை. மெக்கானிக் பிளக் கனெக்‌ஷனை ஒன்று ஒன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தான். ஒன்றைக் கழற்றும்போது மட்டும் சத்தம் அடங்கியது. மாட்டியதும் திரும்பவும் டக், டக்.

"சார், சத்தம் மேல இல்ல. கீழ கீது. ராடு பேரிங் போயிட்ச்சு" என்றான். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தான். அதன் உள்பக்கம் பாலாடை மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அளவுக் கம்பியை உருவி மோந்து பார்த்தான். "இன்னா சார், ஆயில்ல பெட்ரோல் வாட அடிக்குது. எப்ப மாத்துனீங்க?"

"ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயில் மாத்தணும்? மீட்டரைப் பாருங்க. இன்னும் ஃபர்ஸ்ட் சர்வீஸ் கிலோமீட்டரே வரல" என்றார் என் கணவர், பெருமையாக.

"டெய்லி ஸ்டார்ட் பண்ணுவீங்களோ?"

"ஒரு நாள்கூட விட்டதில்ல."

மெக்கானிக் என்னைப் பார்த்தான். நானும் அவனையே பார்த்தேன்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்கள். வாசல் காலியானது. வாங்கிய நாளிலிருந்து வெளிச்சம் வராத இடத்தில் வெளிச்சம் வந்தது. அன்று மழை. போர்டிகோவில் கொடி கட்டித் துணி காயப்போட்டேன். அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காபி குடித்தேன். இப்படியே இருந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

இரண்டொரு நாளில் மெக்கானிக் கூப்பிட்டான். நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். பஸ்ஸில்தான் போனோம். ஷெட்டில் அந்த ஆயில் பானைக் கழற்றித் தரையில் வைத்திருந்தான். படப்பை ரோட்டில் உடைந்துவிடும் என்று அவர் காப்பாற்றி வைத்த அதே ஆயில் பான். ஒரு கீறல் இல்லை. உள்ளே புளிக்காய்ச்சல் அடிப்பிடித்த மாதிரி கறுப்பாக, கெட்டியாக அப்பிக்கிடந்தது. ஆயிலை உறிஞ்சும் சல்லடை முழுக்க அது அடைத்திருந்தது.

"சார், நீங்க டெய்லி ஸ்டார்ட் பண்ணி நிறுத்துறீங்க. அதுக்குள்ள என்ஜின் சூடே ஆவாது. சூடாகாத என்ஜின்ல தண்ணி தேங்கும், பெட்ரோல் ஆயில்ல எறங்கும். ரோட்ல நல்லா ஓட்டுனா அதெல்லாம் ஆவியாப் பூடும். ஓடலன்னா இப்டிதான், களி. ஆயில் மேல ஏறல. பேரிங் காஞ்சு தேஞ்சு, அதுக்குள்ள சுத்துற கிராங்க்கையும் சேத்து கோடு போட்டுகீது." தேய்ந்த பேரிங்கைக் கையில் எடுத்துக் காட்டினான். வெள்ளிப் பூச்சு போய் உள்ளேயிருந்து செம்பு தெரிந்தது. "சும்மா வுட்டிருந்தாகூட பேட்டரிதான் சார் போயிருக்கும்."

என் கணவர் அந்தத் துண்டை வாங்கி விரலால் தடவிக்கொண்டே இருந்தார். முகம் செத்துப்போய்விட்டது. எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இந்த வண்டி வாரத்துக்கு ஒருதரம் படப்பைக்குப் போய் வந்திருந்தால் கல்லு மாதிரி இருந்திருக்கும் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவை ஏற்றியிருந்தால் அவளுக்கும் சுகம், இந்த இரும்புக்கும் சுகம். இரண்டையும் காப்பாற்றாமல், வண்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் பேப்பர் படித்திருக்கிறார்.

மெக்கானிக் வழி சொன்னான். என்ஜினை இறக்கி முழுசாகப் பிரித்து, கிராங்க்கை லேத்தில் கொடுத்துத் தேய்த்து, புது பேரிங், புது ரிங் போட்டுக் கட்டலாம். செலவு கொஞ்சநஞ்சம் இல்லை. வேண்டாமென்றால் அப்படியே கொடுத்துவிடலாம், அவனே எடுத்துக்கொள்வான். எடுத்துக்கொள்ளும் ஆசை அவன் கண்ணிலேயே தெரிந்தது.

அப்போது என் கணவர் என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்றார். வண்டி வாங்கும்போது என்ன கலர் என்றுகூட அவர் என்னைக் கேட்டதில்லை. கொடுத்துவிடலாம் என்ற வார்த்தை என் நாக்கில் வந்து நின்றுவிட்டது. அதற்காகத்தானே பஸ் ஏறி வந்திருந்தேன்.

அதற்குள் மெக்கானிக் வாய் சும்மா இருக்கவில்லை. "கட்டிக் குட்த்தாலும் ஒண்ணு சொல்ட்றேன் சார். புது பேரிங்கு ரோட்ல ஓடி ஓடித்தான் ஒக்காரும். ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினு வந்து காட்டணும். ஜாம்ல உருட்றது இல்ல, நல்ல ரோடா பாத்து நீட்டா போவணும். திருப்பியும் வூட்டாண்ட ஸ்டார்ட் பண்ணி நிறுத்துனீங்க, அப்புறம் என்னாண்ட வராதீங்க."

நாக்கில் நின்ற வார்த்தையை விழுங்கினேன். "கட்டிடலாம்" என்றேன். "ஆனா ஓட்டுறப்ப எந்த ரோடுன்னு நான்தான் சொல்லுவேன்."

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் மனமிரங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தார்.

வண்டி வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். "எங்க போறோம்?" என்றார். "படப்பை" என்றேன். மறுக்க அவரிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. ரோடு நன்றாக இருந்தது. லாரி குறைவான நாள். வானம் மூடியிருந்ததால் வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

கேம்ப் ரோடு திரும்பும்போதே கவனித்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அவருக்கு நெற்றியில் வியர்த்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். தாம்பரம் பாலத்தில் பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்ததும் அவர் தோள்கள் காது வரை தூக்கிக்கொண்டன. முடிச்சூர் ரோட்டில் ஒரு பைக் குறுக்கே வர, வண்டியை அப்படியே அணைத்துவிட்டார். பைக் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் திரும்ப ஸ்டார்ட் செய்தார். நெரிசல், பார்க்கிங், குண்டு குழி, கன்டெய்னர் லாரி என்று எதுவுமே காரணமில்லை. அவருக்கு வண்டி ஓட்டப் பயம். எல்லாக் காலத்திலும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

இது தெரிந்ததும் மனசு லேசாகியிருக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு டிரைவரை வைத்து ஒரு நாள் அம்மாவை அழைத்து வந்திருப்பேன். நானே ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பேன். ஒரு ஆண்பிள்ளையின் கௌரவத்துக்காக, என் அம்மா தன் ஊர் ரோட்டில் தார் காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படப்பை வந்தது. "அந்த பால் பூத்துகிட்ட திரும்புங்க" என்றேன். திரும்பினார். தெருவில் பாதி வீடுகள் மாடி ஏறியிருந்தன. அம்மா வீட்டுக்குப் புது பெயின்ட் அடித்து, புது கேட் போட்டிருந்தார்கள். முருங்கை மரம் இருந்த இடத்தில் பைக் நின்றது. "இங்க நிறுத்துங்க" என்றேன். சரியாகக் கேட்டுக்கு நேராக நிறுத்தினார். அம்மா ஆசைப்பட்ட மாதிரியே தெருவில் எதிர்வீட்டு ஜன்னல்களில் இரண்டு மூன்று முகங்கள் எட்டிப் பார்த்தன. நான் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கேட்டியா? ஒரு சத்தமும் இல்ல" என்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

கேட்டைத் திறந்துகொண்டு ஈரக்கையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். எங்களைப் பார்த்து, "யாரப் பாக்கணும்?" என்றாள்.

அவர்தான் கண்ணாடியை இறக்கிப் பதில் சொன்னார். "யாரையும் இல்லம்மா. என்ஜின் வேலை பாத்திருக்கு. கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னாங்க, அதான் வந்தோம்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.